லோ ஐடி குடிமக்கள்

நெய்வேலி டவுன்ஷிப்வாசிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நெட் வேலை செய்யாவிட்டால் கரண்ட் மேல் பழி போட முடியாது. 1962-ல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் தொழிலே கரண்ட்தான். இங்கே வெட்டுகிற பழுப்பு நிலக்கரி கேரளாவிலும் கர்நாடகாவிலும் புதுச்சேரியிலும் விளக்கு எரிக்கிறது. மற்ற ஊர்க்காரர் "கரண்ட் இல்லீங்க, மோடம் செத்துக் கெடக்கு" என்று சொல்லி ஒரு நாளைத் தள்ளிவிடலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. உண்மையான காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். தேடினேன். கிடைத்ததைப் பார்த்த பிறகு, கரண்ட் போயிருந்தாலே தேவலை என்று தோன்றியது.

விஷயம் இதுதான். நண்பர் ஒருவர் விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பல வருஷமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார். கூத்து வாத்தியார்களின் சம்மதத்தோடு எடுத்தது. யாருடைய காப்புரிமையிலும் கைவைக்காத, அவருடைய சொந்த உழைப்பு. ஒவ்வொரு கூத்தும் பல ஜிபி. புதுச்சேரியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு அதைக் கொடுக்க வேண்டும். "அண்ணே, கூகுள் டிரைவ் மாசாமாசம் காசு கேக்குது. வேற வழி இருக்கா?" என்றார். இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன். பிட்டோரண்ட்.

2001-ல் பிராம் கோஹன் என்ற இளைஞர் எழுதிய ஏற்பாடு அது. பெரிய கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் போட்டுவிடுவார்கள். ஒரு துண்டு கிடைத்தவுடனே நீங்கள் அதை அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடலாம். நடுவில் பண்ணையார் இல்லை. சர்வர் வாடகை இல்லை. கொடுக்கிறவருக்கே முதலில் கொடு என்பதுதான் அதன் சட்டம். வாங்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு வேகம் தானாகக் குறையும். இவ்வளவு ஒழுங்கான ஒரு சங்கத்தை நம் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்களில்கூடப் பார்த்ததில்லை.

நண்பரின் கணினியில் மென்பொருளைப் போட்டோம். திரையின் கீழ்ப்பட்டையில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். பச்சை டிக் என்றால் சுகம். மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால், நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து ஒருவரும் உங்கள் வாசலுக்கு வர முடியாது என்று பொருள். எங்களுக்கு மஞ்சள். புதுச்சேரி மாணவரிடம் போனில் கேட்டால் அங்கும் மஞ்சள். வேகம்: பூஜ்யம். சரி, பழுது பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

முதல் சோதனை: அணைத்துப் போடு

தேசிய வைத்தியம். மோடத்தை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டோம். மஞ்சள் அசையவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எதைச் சொன்னாலும் மற்றதற்கும் பொருந்தும்.

"சார், கூகுள் ஓப்பன் ஆகுதா?"

"ஆகுதும்மா."

"யூடியூப் நிக்காம ஓடுதா சார்?"

"ஓடுது."

"அப்ப நெட் நல்லாத்தான் இருக்கு சார்."

"நான் பாக்குறதுல பிரச்சினை இல்லம்மா. என்கிட்ட இருக்கிறதை இன்னொருத்தர் எடுத்துக்க முடியல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நிஜமான குழப்பத்தோடு அந்தப் பெண் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கிறதை எதுக்கு சார் இன்னொருத்தர் எடுக்கணும்?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருக்கும் திரையில் மூன்று வகைப் புகார்களுக்குத்தான் கட்டம் இருக்கிறது: நெட் வரவில்லை, வேகம் குறைவு, பில் தகராறு. "கொடுக்க முடியவில்லை" என்று ஒரு குடிமகன் புகார் சொல்வான் என்பது அந்தத் திரையை வடிவமைத்தவர் கற்பனையிலேயே இல்லை. வாங்குவதற்குப் பிறந்தவன்தான் வாடிக்கையாளன். அவனிடமும் கொடுக்க ஏதாவது இருக்கும் என்றால் அது பில் தொகை மட்டும்தான். என் புகார் 'வேகம் குறைவு' என்று பதிவாகி, தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

இரண்டாம் சோதனை: போர்ட்டைத் திற

அடுத்து ரூட்டரின் உள்பக்கம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். தேசத்தின் டிஜிட்டல் பாதுகாப்பு அந்த இரண்டு சொற்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே 'போர்ட் ஃபார்வார்டிங்' என்று ஓர் இடம். வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு வருகிறவரை வீட்டிலுள்ள இந்தக் கணினிக்கு அனுப்பு என்று அதில் சொல்ல வேண்டும். பிட்டோரண்டுக்குப் பழைய வழக்கப்படி 6881. எழுதினோம், சேமித்தோம், மறுபடி அணைத்துப் போட்டோம். விண்டோஸின் ஃபயர்வாலுக்கும் தனியாகத் தாம்பூலம் வைத்து அனுமதி வாங்கினோம். எல்லாம் முறைப்படி. மஞ்சள் முக்கோணம் மட்டும் தாசில்தார் ஆபீஸ் ஃபைல் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் சோதனை: உன் முகவரி என்ன?

அப்போதுதான் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் ஒரு வரியைப் பார்த்தோம். வெளி இணைப்பின் ஐபி முகவரி 100.72 என்று தொடங்கியது. விவரம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். நோய் நம் வீட்டில் இல்லை.

உலகத்தின் பழைய ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்துவந்த மைய அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ம் தேதி தீர்ந்துபோனது. புதிய பதிப்பான ஐபிவி6 அதற்குப் பல வருஷம் முன்பே தயார். அதில் மணலுக்குக்கூடத் தனி முகவரி கொடுக்கலாம். ஆனால் மாற்றத்துக்குப் பணம் செலவாகும். ஆகவே நிறுவனங்கள் ஒரு குறுக்குவழியைப் பிடித்தன: ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வீடுகளை அடைத்துவைப்பது. அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64-ல் தொடங்கி 100.127 வரை ஒரு முகவரித் தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டது. பெயர் கேரியர் கிரேடு நாட், சுருக்கமாக சிஜிநாட். நீங்கள் வீட்டுக்குள் எத்தனை போர்ட் திறந்தாலும், தெருமுனையில் நிறுவனம் போட்ட கேட் பூட்டியே இருக்கும். அதன் சாவி உங்களிடம் இல்லை. அப்படி ஒரு கேட் இருப்பதாக விளம்பரத்திலும் இல்லை, பில்லிலும் இல்லை.

காப்பர் கம்பி காலத்தில் இந்த ஊரில் மாட்டிய பழைய பிராட்பேண்டுக்குப் பொது முகவரி இருந்தது, வேகம் இல்லை. ஃபைபர் காலத்தில் வேகம் இருக்கிறது, முகவரி இல்லை. இதற்குப் பெயர் வளர்ச்சி.

மறுபடி போன் செய்து கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "ஸ்டேடிக் ஐபி எடுத்துக்கோங்க சார். தனி சார்ஜ்." அதாவது, வீடு வாங்கும்போது வாசல் இலவசம், ஆனால் விருந்தாளி வர வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். ஐபிவி6 விஷயத்தில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கிறோம் என்று இந்தியா மார்தட்டிக்கொள்கிறது. மார்தட்டுவது நியாயம்தான், எண்ணிக்கை அப்படி. ஆனால் அதோடு சேர்த்துத் தருகிற ரூட்டர்கள் பலவும் வெளியிலிருந்து வரும் எதையும் அடைத்தபடியேதான் வந்து சேர்கின்றன. அடைப்பை எடுப்பது எப்படி என்று கேட்டால் மறுபடி கூகுள் ஓப்பன் ஆகுதா என்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய விவரத்தைச் சொல்ல வேண்டும். 2002-ல் வெளிவந்த ஈமியூல் என்ற பகிர்வு மென்பொருளை அந்தக் காலத்துக் கல்லூரிப் பையன்களுக்கு ஞாபகம் இருக்கும். அது உள்ளே நுழையும்போதே ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடும். வெளியிலிருந்து தொடர்புகொள்ளக் கூடியவருக்கு ஹை ஐடி. சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு லோ ஐடி. ஹை ஐடி ஹை ஐடியோடு நேராகப் பேசலாம். ஹை ஐடி ஒன்று லோ ஐடியைக் கூப்பிட வேண்டுமென்றால் நடுவில் சர்வர் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு லோ ஐடிகள்? ஒருவரோடொருவர் பேசவே முடியாது.

இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்ல வேறு நாட்டில் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். நமக்கு ஒரு வாக்கியம் போதும். கீழே இருக்கிறவர்கள் மேலே கும்பிடு போடலாம், தங்களுக்குள் கூடிப் பேசக் கூடாது. ஈமியூலை எழுதியவர்கள் தொழில்நுட்பத் தடையைத் தடை என்று நேர்மையாகப் பெயரிட்டுக் காட்டினார்கள், சரிசெய்யவும் வழி சொன்னார்கள். நம் நிறுவனங்கள் அதையே சத்தமில்லாமல் பிறப்புரிமை ஆக்கிவிட்டன. நெய்வேலியில் ஒரு லோ ஐடி, புதுச்சேரியில் ஒரு லோ ஐடி. நடுவில் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கூத்து வீடியோ எங்கோ இருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே வாடகை கட்டி, அவர்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் பாண்டிச்சேரி வந்து சேர வேண்டும்.

நான்காம் சோதனை: வேகம் எவ்வளவு?

சரி, வேகத்தையாவது அளந்து பார்ப்போம் என்றால் அரசு என்ன அளவுகோல் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2004 பிராட்பேண்ட் கொள்கை, குறைந்தது 256 கேபிபிஎஸ் டவுன்லோடு இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ். பத்தொன்பது வருஷம், மூன்று இலக்கணம். மூன்றிலும் அளவு டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓர் எண்கூட இல்லை. இதில் வேடிக்கை, 2004-ல் எழுதிய அதே வாக்கியத்தில் இணைப்பு 'இன்டராக்டிவ்' சேவைகளுக்கு உதவ வேண்டும் என்று இருக்கிறது. இரு வழிப் போக்குவரத்து என்று பெயர் வைத்துவிட்டு ஒரு வழிக்கு மட்டும் ரோடு போட்டிருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைத் துறைக்கே தோன்றாத சிக்கனம்.

ஏடிஎஸ்எல் என்ற பழைய காப்பர் கம்பி இணைப்பில் அப்லோடு குறைவது ஓரளவு தொழில்நுட்ப நிர்ப்பந்தம். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் உச்சத்தில் 24 எம்பிபிஎஸ் இறக்கும், ஏற்றுவது 1 எம்பிபிஎஸ் அளவுதான். ஆனால் அந்தத் தரத்தை வகுத்தவர்களே மனிதன் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் அதிகம் என்று முன்கூட்டியே முடிவுகட்டித்தான் கம்பியைப் பிரித்தார்கள். கொடுக்க முடியாதபடி கம்பியைப் பிரித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஜனங்கள் அப்லோடு செய்வதே இல்லை" என்று புள்ளிவிவரம் காட்டுவது எவ்வளவு வசதியான விஞ்ஞானம்.

ஐந்தாம் சோதனை: கேஸ் ஆகுமா?

இதற்குள் ஃபைபர் லைன்காரத் தம்பி வந்துவிட்டார். பவர் மீட்டரை மாட்டிப் பார்த்தார், ஒளி அளவு சரி. திரையில் டோரண்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இதெல்லாம் வேணாம்ணே. கேஸ் ஆயிடும். மூணு வருஷம் உள்ள போட்ருவாங்க."

தம்பிக்கு இந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? வரிசையாகப் பார்ப்போம்.

2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு வெளியானது. ஊர் உலகமெல்லாம் ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பித்தான் அது பரவியது. பகிர்வு என்பது எவ்வளவு பெரிய சக்தி என்று தமிழ் சினிமாவுக்குப் பாடம் நடத்திய பாட்டு அது. அதே படத்துக்காக 2012 மார்ச் இறுதியில், அதே பகிர்வுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பு நிறுவனம் தடையுத்தரவு வாங்கியது. முதல் எதிர்வாதி பிஎஸ்என்எல். பிரதிவாதி யார் என்று பெயர் தெரியாமலே எல்லார் மேலும் பாயக்கூடிய 'ஜான் டோ' உத்தரவு. உத்தரவைக் கையில் வாங்கிய இணைய நிறுவனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கத்தை அடைப்பது என்று பார்க்காமல் தளங்களையே சாத்தின. பைரேட் பே போனது, சரி. வீடியோக் கலைஞர்கள் தங்கள் சொந்தப் படங்களைப் போட்டுவைக்கும் விமியோவும் போனது. டெய்லிமோஷன் போனது. வெறும் எழுத்தை ஒட்டிவைக்கும் பேஸ்ட்பின்னும் போனது. அதில் என்ன படம் ஓடும் என்று நினைத்தார்களோ! ஜூன் மாதம் நீதிமன்றமே தலையிட்டு, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அடையுங்கள், தளத்தையே மூடச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. கொசுவை அடிக்கச் சொன்னால் வீட்டை இடித்த கதை.

2016 ஜூலை 22-ல் 'கபாலி' வந்தது. முன்கூட்டியே நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கி ஏராளமான தளங்களை அடைத்தார்கள். படம் இணையத்தில் வரத்தான் செய்தது. படம் கசிவது நெய்வேலிப் பையனின் 6881 போர்ட் வழியாக அல்ல, தியேட்டரின் கேமரா வழியாகவும் பிரதி கைமாறும் இடங்கள் வழியாகவும்தான் என்பது கோடம்பாக்கத்தில் டீ வாங்கிக் கொடுக்கும் பையனுக்கும் தெரியும்.

அதற்கடுத்த மாதம், 2016 ஆகஸ்டில், தடை செய்யப்பட்ட பக்கத்தைத் திறந்தால் ஓர் எச்சரிக்கை வந்தது: பார்த்தாலே, டவுன்லோடு செய்தாலே, மூன்று வருஷம் சிறை, மூன்று லட்சம் அபராதம். நாடே நடுங்கியது. காப்புரிமைச் சட்டம் 63-ம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள், அபராதத்தின் உச்சமே இரண்டு லட்சம்தான். கூடுதல் ஒரு லட்சம் யார் வீட்டுச் சேவைக் கட்டணம் என்று தெரியவில்லை. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், வெறுமனே பார்ப்பது அந்தச் சட்டப்படி குற்றமல்ல என்று சொல்லி, அந்த எச்சரிக்கையைத் திருத்தச் சொன்னார். திருத்தம் எத்தனை பேர் கண்ணில் பட்டது? லைன்காரத் தம்பியின் மனதில் நிற்பது மூன்று வருஷமும் மூன்று லட்சமும்தான். பயம் அப்லோடு ஆகிற வேகத்துக்கு இந்த நாட்டில் எந்தத் தடையும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் படத்தைத் திருடி விற்கிறவனுக்கு நான் வக்கீல் இல்லை. நூறு பேர் உழைத்த படத்தைக் கேமராவில் சுட்டு விளம்பரக் காசு பார்க்கிறவனைப் பிடியுங்கள், உள்ளே போடுங்கள். ஆனால் தெருவில் ஒரு திருடன் நடந்தான் என்பதற்காகத் தெருவையே சுவர் வைத்து மறித்துவிட்டு, பால்காரனையும் தபால்காரனையும் பார்த்து "நீ எதுக்குய்யா தெருவுல நடக்குற?" என்று கேட்பதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு அல்ல.

ஆறாம் சோதனை: யார் செய்தால் சரி?

இந்தத் தொழில்நுட்பம் அவ்வளவு கெட்டது என்றால் பெரியவர்கள் தொடாமல் இருக்க வேண்டும் அல்லவா? 2010-ல் ட்விட்டர் நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புதிய நிரலை அனுப்ப பிட்டோரண்டைத்தான் பயன்படுத்தியது. அந்த ஏற்பாட்டுக்கு 'மர்டர்' என்று பெயர் வைத்துப் பெருமையாக வெளியிட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10, மைக்ரோசாஃப்டின் அப்டேட்டை உங்கள் கணினியிலிருந்து முகம் தெரியாத இன்னொருவர் கணினிக்கு அனுப்பும் வசதியோடு வந்தது. சில பதிப்புகளில் உங்களைக் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கரண்ட், உங்கள் டேட்டா, உங்கள் அப்லோடு, அவர்களுக்கு லாபம். அதற்கு எந்த லைன்காரரும் குரலைத் தாழ்த்தவில்லை. கம்பெனி பகிர்ந்தால் புதுமை, கூத்து வாத்தியாருக்காக ஒருவர் பகிர்ந்தால் கேஸ்.

இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 2007-ல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பிட்டோரண்ட் தொடர்புகளைத் திருட்டுத்தனமாக வெட்டியது. இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிர்முனை தொடர்பைத் துண்டித்துவிட்டதாக இரண்டுக்குமே நடுவிலிருந்து பொய்ச் செய்தி அனுப்பியது. பழைய பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டிருந்த ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார். சோதித்துப் பார்க்க அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளைப் பகிர்ந்து பார்த்தது. பைபிளையும் வெட்டினார்கள். 2008-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கண்டித்தது. 2010-ல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. அங்கே வெட்டத்தான் ஆள் வேண்டியிருந்தது. இங்கே சிஜிநாட் சுவருக்குப் பின்னால் தொடர்பே பிறப்பதில்லை, வெட்டுகிற செலவும் மிச்சம்.

ஏழாம் சோதனை: எதற்காக இவ்வளவு பயம்?

குடிமக்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதில் அரசுக்கு இருக்கும் பயத்தைச் சினிமாக் கணக்கில் மட்டும் எழுத முடியாது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போன மக்கள் மேல் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, 13 பேர் செத்தார்கள். அடுத்த நாள் அரசு செய்த காரியம் என்ன? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தியது. சுட்டவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கவில்லை, பார்த்தவன் கையிலிருந்து நெட்டை வாங்கினார்கள். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 14 தகவல் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் பிரையர் என்று ஒன்று. இணையமே இல்லாதபோதும் புளூடூத் வழியாகப் பக்கத்தில் இருக்கும் போனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் செயலி. புயலிலும் வெள்ளத்திலும் உயிர் காக்கிற சாதனம். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரனிடம் இதன் அருமையைக் கேளுங்கள். நடுவில் ஆள் இல்லாமல் இருவர் பேசினால் அது அவர்களுக்குச் சதி.

இதை நெய்வேலியில் உட்கார்ந்து எழுதும்போது கை கொஞ்சம் அதிகமாகவே சூடாகிறது. இந்த ஊர் கொடுத்துக் கொடுத்தே உண்டான ஊர். 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து கிராமம் கிராமமாக நிலம் கொடுத்தாயிற்று. நிலக்கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்திக்கொண்டு நிற்பதால், சுரங்கம் வெட்ட வேண்டுமென்றால் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துத் தள்ள வேண்டும். அந்தத் தண்ணீரும் சுற்று வட்டாரம் கொடுத்ததுதான். இவ்வளவு கொடுத்தவர்கள் பேச வந்தபோது கிடைத்த பதில் 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவி கிராமத்தில் தெரிந்தது. பயிர் நின்ற வயலில் சுரங்க நிறுவனம் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியது. அறுவடை முடிகிற வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி மனம் நொந்து கேட்டார். அந்த விவசாயிகள் அதைத்தான் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குரல் போய்ச் சேரவில்லை. மேலேயிருந்து உத்தரவு கரிவெட்டி, கத்தாழை கிராமங்களுக்கு முழு வேகத்தில் இறங்குகிறது. கீழேயிருந்து மனு ஏறுவதற்கு அளவும் இல்லை, இலக்கணமும் இல்லை. டவுன்லோடு மட்டும் உள்ள ஜனநாயகம் எப்படி இருக்கும் என்று டெல்லியில் யாராவது ஆராய்ச்சி செய்ய விரும்பினால் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறட்டும்.

நண்பரின் கூத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பையில் போட்டு, பண்ருட்டி வழியாகப் பாண்டிக்கு பஸ்ஸில் போய்க் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். ஃபைபர் கேபிளைவிடத் தனியார் பஸ் வேகமாக இருந்தது. பஸ்ஸில் யாரும் 'நீ வாங்க மட்டும்தான் ஏறலாம், கொடுக்க ஏறக் கூடாது' என்று சொல்லவில்லை.

பழுது பார்க்கும் கையேடு என்றால் கடைசியில் தீர்வு எழுத வேண்டும். எழுதுகிறேன். எதுவும் வாடிக்கையாளர் வீட்டில் செய்ய வேண்டியது இல்லை.

பிராட்பேண்ட் இலக்கணத்தில் அப்லோடுக்கும் ஓர் எண் போடுங்கள். அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம், கமிட்டி வேண்டாம், ஒரு வரி போதும். சிஜிநாட் சுவருக்குப் பின்னால் வைத்துத்தான் இணைப்பு தருகிறீர்கள் என்றால் அதை விளம்பரத்தில் வேகத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். கேட்கிறவருக்குத் திறந்த முகவரி, பழைய பதிப்பிலோ ஐபிவி6-லோ, கூடுதல் காசு வாங்காமல் கொடுங்கள். தளத்தை அடைத்தால் யார் உத்தரவு, எதற்கு, எந்தத் தேதி வரை என்று அந்தப் பக்கத்திலேயே போடுங்கள். இணையத் தளங்களை அடைப்பதற்கான 2009 விதிகளில் 16-ம் விதி, இந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தடை செய்யப்பட்டவனுக்கே காரணம் தெரியக் கூடாது என்கிற விதி ராஜாக்கள் காலத்துக்குச் சரி. அதை எடுங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாது, லாபத்தில் கைவைக்கும் என்றால், அதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. மாதாமாதம் எங்களிடம் இணைய இணைப்பு என்று பில் போடுகிறீர்கள். பாதி இணைப்பைத்தான் தருகிறீர்கள். இனி பாதி பில் அனுப்புங்கள். முழுக் காசும் வேண்டுமென்றால் தெருமுனைக் கேட்டின் பூட்டை எடுங்கள்.